உங்களுக்குத் தெரியுமா? அறிவிப்பில் 2 மீட்டர், கடலில் 4 மீட்டர்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து ஞாயிறன்று மெரினாவுக்குக் கிளம்புவோர் அறிய வேண்டிய கணக்கு இது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அறிவிக்கும் ‘அலை உயரம்’ உச்ச அளவு அல்ல. அலைகளை உயர வரிசையில் அடுக்கினால், அவற்றில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அது. கடலில் மிதக்கும் மிதவைகளின் பதிவுகளிலிருந்தும் இதே அளவைத்தான் கணக்கிடுகிறார்கள். உச்சத்தையே சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். ஒற்றைப் பேரலை எந்த நிமிடம் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சராசரியை நம்பகமாகக் கணிக்கலாம். ஆனால், ஆழ்கடலில் சுமார் 3,000 அலைகளுக்கு ஒன்று இந்தச் சராசரியைப்போல் இரு மடங்கு உயரும் என்கிறது நிகழ்தகவு. 10 விநாடிக்கு ஓர் அலை என்றால், ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒன்று! எனவே, அலை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் அரை மணி நேரம் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் அதை நம்பி இறங்காதீர்கள். பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள்.