பிறமொழி பேசும் பேய்: ‘மணிச்சித்திரத்தாழு’, ‘சந்திரமுகி’ திரைப்படங்களில் கதைமாந்தரும் நடிகர் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

மலையாளத்தில் 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழு’ கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004), தமிழில் ‘சந்திரமுகி’ (2005), இந்தியில் ‘பூல் புலையா’ (2007) எனத் தழுவப்பெற்றது. இவற்றின் கதைப்பின்னல் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் எந்தக் கதைமாந்தரை எந்த நடிகர் ஏற்றார், பேயுரு எம்மொழி பேசிற்று என்னும் இரண்டும் தழுவல்தோறும் மாறியுள்ளன. மலையாளப் படத்தில் கணவனை நோக்கிய நாயகியின் சினம், தமிழில் மன்னன் வேடமும் ஏற்ற முதன்மை நடிகரை நோக்கித் திரும்புகிறது. அம்மாற்றத்தை இக்கட்டுரை தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் துணையுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தழுவல், கதைமாந்தர், நடிகர் தேர்வு, அச்சம், மெய்ப்பாடு, சந்திரமுகி, நாகவல்லி.

முன்னுரை

திரைப்படத் தழுவல் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் கதை நிகழ்வுகளை வரிசைப்படுத்தி, எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது எனக் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. அச்சத்தை அடிப்படையாகக் கொண்ட படங்களுக்கு அம்முறை போதாது. பார்வையாளர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை நிகழ்வைக் காட்டிலும் முகமும் குரலும் மிகுதியாகத் தீர்மானிக்கின்றன. ஒரே நிகழ்வை வேறொரு நடிகர் ஏற்கும்போது அச்சத்தின் இலக்கே மாறிவிடக்கூடும்.

ஃபாசில் இயக்கத்தில், மது முட்டம் எழுதிய கதையும் திரைக்கதையும் கொண்டு உருவானது ‘மணிச்சித்திரத்தாழு’. பணிபுரியும் ஊரிலிருந்து நகுலனும் (சுரேஷ் கோபி) அவன் மனைவி கங்காவும் (ஷோபனா) மாடம்பள்ளித் தரவாட்டுக்கு வருகின்றனர். பூட்டிக் கிடக்கும் தெக்கினியைக் கங்கா திறக்கிறாள். அங்கே முற்காலத்தில் சங்கரன் தம்பி என்னும் காரணவரால் சிறைவைத்துக் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் நடனமங்கையாகவே அவள் படிப்படியாக மாறுகிறாள். நகுலனின் நண்பனாகிய மனநல மருத்துவன் சன்னி (மோகன்லால்) நோயைக் கண்டறிந்து தீர்க்கிறான். ஆகவே, இப்படத்தில் உண்மையில் பேய் இல்லை. பி. வாசு முதலில் கன்னடத்திலும் அடுத்த ஆண்டே தமிழிலும் இக்கதையை இயக்கினார். தமிழ்ப் படத்தைக் கன்னடத்தின் வழியாக வந்த இரண்டாம் நிலைத் தழுவலாகக் கொள்வதே பொருந்தும்.

நாகவல்லியின் மொழி

மாடம்பள்ளிக்கு நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டவள். நோய் முற்றும் கணங்களில் கங்கா மலையாளத்தை விட்டுத் தமிழில் பேசுகிறாள். கணவன் வெளியே செல்ல வேண்டாமெனத் தடுக்கும் புகழ்பெற்ற காட்சியில், கட்டிலை ஒரு கையால் தூக்குவதற்கு முன்பே அவளது மொழி மாறிவிடுகிறது. உடலின் வலிமையைக் காட்டிலும் அந்த மொழிமாற்றமே பார்வையாளரை முதலில் திடுக்கிடச் செய்கிறது. படத்தின் புகழ்பெற்ற நடனப் பாடலிலும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. தமிழ்ப் பகுதியை வாலி எழுதினார்.

இத்தேர்வு தற்செயலானதன்று. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு சுவாதித் திருநாளின் அவைக்குச் சென்றது முதல், திருவிதாங்கூர் அரண்மனைக்கும் தஞ்சை ஆடற்கலைக்கும் இடையே நெருங்கிய உறவு இருந்தது. கேரளத்து மேல்தட்டுக் குடும்பம் ஒன்றில் தமிழ் பேசும் ஆடல்மகள் அடைபட்டிருந்தாள் என்னும் கற்பனைக்கு அவ்வரலாறு ஒரு நம்பகத்தன்மையை அளிக்கிறது. மலையாளப் பார்வையாளருக்குத் தமிழ் பாதி புரியும் மொழி. முற்றிலும் அயல்மொழியாயின் வெறும் ஒலியாகக் கடந்துவிடும். தன் மொழியாயின் அயன்மை தோன்றாது. அச்சம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் பிறக்கிறது. (மாடம்பள்ளியாகத் திரையில் தோன்றும் கட்டடங்களுள் ஒன்றான பத்மநாபபுரம் அரண்மனை இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது என்பதையும் இங்கு நினைவுகொள்ளலாம்.)

தமிழுக்கு வரும்போது தமிழ் பேசும் பேயால் பயனில்லை. ‘சந்திரமுகி’யில் அவள் ஆந்திரத்து விஜயநகரத்திலிருந்து வேட்டையன் என்னும் மன்னனால் கவர்ந்துவரப்பட்டவள், பேசுவதும் பாடுவதும் தெலுங்கு. புவனசந்திரா எழுதி பின்னி கிருஷ்ணகுமார் பாடிய ‘ரா ரா’ பாடலின் சொற்பொருள் முழுமையாக விளங்காமலேயே தமிழகம் அதைப் பாடித் திரிந்தது. தஞ்சை நாயக்கர், மராட்டியர் அவைகளில் பதமும் பிறவும் பெரிதும் தெலுங்கிலேயே இயற்றப்பட்டன. இன்றைய பரதநாட்டிய மேடையிலும் அம்மரபு தொடர்கிறது. எனவே மலையாளிக்குத் தஞ்சைத் தமிழ் எதுவோ, தமிழருக்கு ஆடலரங்கின் தெலுங்கும் அதுவே. கன்னடப் படமும் தெலுங்கையே தேர்ந்தது. இந்தியில் மஞ்சுலிகா வங்காளம் பேசுகிறாள்.

இந்த அமைப்பின் உறுதியைத் ‘சந்திரமுகி’யின் தெலுங்கு ஒலிமாற்றுப் படம் ஐயமற நிறுவுகிறது. அங்கே தெலுங்கு பேசும் பேயை வைத்துக்கொள்ள இயலவில்லை. ‘ரா ரா’ அங்கு ‘வாராய்’ எனத் தொடங்கும் தமிழ்ப் பாடலாயிற்று. தஞ்சையிலிருந்து கேரளத்திற்குச் சென்ற பேய் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆந்திரத்தில் மீண்டும் தமிழ் பேசியது. கதைமாந்தரின் பெயர், ஊர், கொலைமுறை ஆகிய அனைத்தும் மாறலாம். அண்டை மொழி என்னும் பண்பு மட்டும் மாறுவதில்லை. இக்கதையில் மொழியையே ஒரு கதைமாந்தராகக் கொள்ளலாம்.

அணங்கும் இறையும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குரிய நிலைக்களன்களாக நான்கினைக் கூறும். அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தமக்கு இறைவராகிய அரசர் முதலானோரும் அதில் அடங்குவர். பேயையும் அரசனையும் ஒரே மெய்ப்பாட்டின் காரணங்களாக அருகருகே வைக்கும் இப்பகுப்பு, இவ்விரு படங்களின் வேறுபாட்டை விளக்கப் பெரிதும் உதவுகிறது.

மலையாளப் படத்தில் சங்கரன் தம்பி ஓர் ஓவியமாகவும் பிறர் வாய்க்கதையாகவுமே முதன்மையாக நிலைபெறுகிறான். முன்னணி நடிகர் எவரும் அவ்வேடத்தை ஏற்கவில்லை. முகமற்ற அந்த இடத்தில் கங்காவின் நோய்பட்ட மனம் தன் கணவனையே நிறுத்துகிறது. அவளைப் பொறுத்தவரை நகுலனே காரணவர். எதிர்வீட்டில் வாழும் கவிஞனும் விரிவுரையாளனுமாகிய மகாதேவனே (ஸ்ரீதர்) காதலன் ராமநாதன். துர்க்காஷ்டமி இரவில் சுழல்பலகையில் கிடத்தப்படுபவனும் நகுலன்தான். பலகை திருப்பப்பட்டு, வாள் பொம்மைமீது விழுகிறது. வேலையிலேயே மூழ்கிய, அன்பிருந்தும் மனைவியின் தனிமையை அறியாத கணவனைச் சுரேஷ் கோபி மிகையின்றி நடித்திருப்பதால், அவ்வாள் யாரை நோக்கியது என்னும் கேள்வி படம் முடிந்தபின்னும் நீங்குவதில்லை. சன்னி கங்காவின் சொந்த ஊருக்கே சென்று அவளது குழந்தைப்பருவத்தை விசாரித்தறியும் பகுதியும் இதற்குத் துணைசெய்கிறது. பெற்றோரைப் பிரிந்து பாட்டியின் கதைகளுக்கிடையே வளர்ந்த சிறுமியின் துயரம் அந்நோயின் வேராகக் காட்டப்படுகிறது. மோகன்லால் படத்தின் கணிசமான பகுதி கடந்த பின்னரே திரையில் தோன்றுகிறார். அதற்குள் கதை கங்காவுடையதாக நிலைபெற்றுவிடுகிறது.

தமிழில் இதே ஏற்பாடு இயலாததாயிற்று. ‘பாபா’ (2002) எதிர்பார்த்த வெற்றியைப் பெறாத நிலையில் ரஜினிகாந்த் நடித்த அடுத்த படம் ‘சந்திரமுகி’. சிவாஜி புரொடக்சன்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக 2005 ஏப்ரல் 14 அன்று அது வெளியானது. முதன்மை நடிகர் இடையில் வந்து நோயைத் தீர்த்துவிட்டுப் போவதை அன்றைய திரையரங்கம் ஏற்றிருக்காது. ஆகவே மருத்துவன் சரவணன் தொடக்கத்திலேயே சண்டையுடனும் பாடலுடனும் நுழைகிறான். இதனினும் முக்கியமான மாற்றம், வேட்டையன் வேடத்தையும் அவரே ஏற்றமையாகும். ‘ஆப்தமித்ரா’வில் விஷ்ணுவர்தன் மருத்துவனாகவும் மன்னனாகவும் நடித்தபோதே இவ்வழி திறக்கப்பட்டுவிட்டது. அப்படத்தின் தலைப்பே ‘உற்ற நண்பன்’ என மருத்துவனைச் சுட்டுவது கவனிக்கத்தக்கது.

விளைவு என்ன? மலையாளத்தில் அணங்கு மட்டுமே இருந்த இடத்தில் தமிழில் இறையும் வந்து அமர்கிறது. சந்திரமுகியின் காதலன் குணசேகரனை (வினீத்) அவள் கண்முன்னே தலைகொய்து, அவளையும் தீயிட்டுக் கொல்லும் வேட்டையனை ரஜினிகாந்த் நடித்த சில நிமிடங்கள் படத்தின் மிகுந்த அச்சம் தரும் பகுதிகளுள் அடங்கும். அச்சிரிப்பைக் குழந்தைகள் தெருவெங்கும் பாவனைசெய்தனர். இறுதிக் காட்சியில் வேட்டையனாகத் தோற்றம்கொண்டு சந்திரமுகியின் முன் தன்னை ஒப்படைப்பவனும் சரவணனே. கணவன் செந்தில்நாதன் (பிரபு) பலகையைத் திருப்பும் உதவியாளனாகிறான். பலகையில் கிடந்தவன் அதைத் திருப்புபவனாக மாறிய இவ்விடமாற்றமே இத்தழுவலின் மையம். மனைவியின் சினத்திலிருந்து கணவன் விடுவிக்கப்படுகிறான். வன்செயல் புரிந்த மன்னனின் முகமும் அவளைக் குணப்படுத்தும் மருத்துவனின் முகமும் ஒன்றாகின்றன. முற்காலத்து அநீதிக்கு அதே முகம் ஈடுசெய்கிறது என இதை நேர்மறையாக வாசிக்கவும் இடமுண்டு. ஆயினும், கங்காவின் மணவாழ்க்கை பற்றிய கேள்வி அதனால் மறைந்துவிடுகிறது. நோய்க்கான காரணமும் சுருங்கி, அறைக்குள் சென்றாள், நின்றாள், நினைத்தாள், மாறினாள் என்னும் அடுக்கு விளக்கமாகவே மக்கள் நினைவில் தங்கியது.

ஐயத்திற்குரிய பெண்

நோயாளி கங்கா என்பதை மறைக்க இரு படங்களும் வேறொரு பெண்ணின்மேல் ஐயத்தைத் திருப்புகின்றன. மலையாளத்தில் அவள் தம்பியின் மகள் ஸ்ரீதேவி (வினயா பிரசாத்). செவ்வாய் தோஷத்தால் வாழ்வு அமையாதவள் என்பதே அவளைப் பித்துப்பிடித்தவளாகக் கருதக் குடும்பத்தாருக்குப் போதுமானதாகிறது. தமிழில் அவ்விடத்தில் தோட்டக்காரரின் பேத்தி துர்கா (நயன்தாரா) நிற்கிறாள். சாதகத்தின் இடத்தை ஏழ்மை பிடித்துக்கொள்கிறது. ஸ்ரீதேவியின் மௌனத்திற்கு வினயா பிரசாத் தந்த கனம் துர்காவுக்கு வாய்க்கவில்லை. அவள் விரைவில் நாயகனின் இணையாகிவிடுகிறாள்.

அஞ்சுபவர்கள்

மலையாளத்தில் இன்னொசென்ட்டின் உண்ணித்தான், குதிரவட்டம் பப்புவின் காட்டுப்பறம்பன் எனப் பலரிடம் பகிர்ந்திருந்த நகைச்சுவை, தமிழில் பெரும்பாலும் வடிவேலுவின் முருகேசன் ஒருவரிடமே குவிகிறது. இதை வெறும் நகைப்பகுதி என ஒதுக்குதல் தவறு. எதற்கும் அஞ்சாத நாயகன் மட்டுமே திரையில் இருந்தால் அச்சம் பார்வையாளரிடம் தொற்றாது. முருகேசனின் நடுக்கமே அரங்கத்தின் நடுக்கமாகிறது. நகையும் அச்சமும் ஒரே உடலில் அடுத்தடுத்துத் தோன்றுவதை வடிவேலு அளவுக்கு நுட்பமாகச் செய்துகாட்டியவர் அரியர்.

குரலும் உடலும்

பயின்ற பரதநாட்டியக் கலைஞரான ஷோபனாவின் உடலில் நாகவல்லியின் ஆட்டம் இயல்பாகவே பொருந்தியது. தேசிய விருதும் அவரைச் சேர்ந்தது. ஆயினும் அக்கதைமாந்தர் ஒருவரால் ஆனவரல்லர். கங்காவுக்குப் பாக்கியலட்சுமியும், தமிழ் பேசும் நாகவல்லிக்குத் துர்காவும் குரல் கொடுத்தனர். இரண்டாமவரின் பங்கு நெடுங்காலம் பரவலாக அறியப்படாமலேயே இருந்தது. ஓருடலில் இருவர் என்னும் கதைக்கருவே குரல்பதிவுக் கூடத்திலும் நிகழ்ந்திருப்பது வியப்புக்குரியது. கன்னடத்தில் நாகவல்லியாக நடித்த சௌந்தர்யா தெலுங்குத் திரையுலகில் பெரும்புகழ் பெற்றவர். படம் வெளிவருமுன் 2004 ஏப்ரல் 17 அன்று விமான விபத்தில் மறைந்தார். இல்லாதவள் ஒருத்தியின் நடனத்தைக் கன்னட மக்கள் இரட்டைப் பொருளில் கண்டனர்.

தமிழில் முதலில் சிம்ரனுக்கென எண்ணப்பட்ட வேடம் ஜோதிகாவை அடைந்தது. நாட்டியப் பயிற்சியின் குறைவை அவர் கண்களால் ஈடுசெய்தார். விரிந்த விழி, உதறும் தலை, கலைந்த மை ஆகியவை ஷோபனாவின் அடவுகளுக்கு மாற்றாயின. ஷோபனாவின் நாகவல்லி ஆடிய கலைமகள். ஜோதிகாவின் சந்திரமுகி வஞ்சம் தீர்க்க வந்த அணங்கு. கங்காவாக இருக்கும் அமைதியான காட்சிகளில் ஜோதிகா காட்டும் மென்மை இந்த ஒப்பீட்டில் அதிகம் பேசப்படாதது. மாற்றத்தின் வேகம் அதனால்தான் உறைக்கிறது.

பி. வாசுவின் இயக்கத்தில் 2023இல் வெளிவந்த ‘சந்திரமுகி 2’இல் ராகவா லாரன்சும் கங்கனா ரனாவத்தும் நடித்தனர். முருகேசனாக வடிவேலு தொடர்ந்தார். அங்கே வேட்டையனும் சந்திரமுகியும் மெய்யான ஆவிகள். மனநல மருத்துவனுக்கு அக்கதையில் வேலை இல்லை.