வயலில் எத்தனை கிலோ விட்டு வருகிறோம்?

நெல் அறுத்ததும் மூட்டையை எண்ணுகிறோம். வயலில் விட்டு வந்ததை எண்ணுவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்கோடு கிடந்தவன் என்பதால் எனக்கு இது உறுத்தும். எண்ணிப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அடிக்கு அடி சதுரமாக வளைத்த ஒரு கம்பி போதும்.

நடுத்தர ரக நெல் ஆயிரம் மணி சுமார் 23 கிராம் இருக்கும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பெருக்கிப் பாருங்க: சதுர அடிக்கு ஒரு மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒரு கிலோ. நாற்பது மணி கிடந்தால் நாற்பது கிலோ, அதாவது ஒரு மூட்டைக்குக் கிட்டத்தட்ட. சீரகச் சம்பா போன்ற பொடி நெல்லுக்கு இதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

மிஷின் இறங்கும் முன்பே, நிற்கிற பயிருக்குள் கம்பியைப் போட்டு ஏற்கெனவே உதிர்ந்ததை எண்ணிவிடுங்க. அது மிஷின்காரர் கணக்கில் சேராது. முற்றவிட்டதாலோ காற்று மழையாலோ விழுந்தது. முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, வெட்டிய அகலத்தில் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்க. வைக்கோலை விலக்கிவிட்டு எண்ணணும். பதரைச் சேர்க்கக் கூடாது.

எங்கே கிடக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். அகலம் முழுக்கப் பரவிக் கிடந்தால், முன்னால் கதிரை இழுத்துப் போடும் ரீல் வேகமாகச் சுற்றி உதிர்க்கிறது. வைக்கோல் வரிசைக்கு அடியில் மட்டும் கிடந்தால் காற்று அதிகம், அல்லது வண்டி ஓடும் வேகம் அதிகம். வைக்கோலில் மணியோடு கதிர் தொங்கினால் டிரம் சரியாக அடிக்கவில்லை. காலைப் பனி காயாமல் இறக்கினாலும் இப்படி ஆகும்.

மணிக்கணக்கு வாடகை என்பதால் "சீக்கிரம் ஓட்டுப்பா" என்று விரட்டுவது பெரும்பாலும் நாம்தான். மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிஷம் கூடுதலாக ஓடினால் 400 ரூபாய். அதில் முப்பது கிலோ நெல் மிஞ்சினால், கிலோ 25 ரூபாய் என்றாலும் 750 ரூபாய். நம்ம பாரம்பரிய ரகங்கள் உயரமானவை, சாய்ந்தும் விடும். தாழ வெட்டினால் தாள் முழுவதும் மிஷினுக்குள் போகிறது. அந்த வயலில் நிதானமாக ஓட்டச் சொல்லியே ஆகணும்.

அப்படியும் கொஞ்சம் கிடக்கத்தான் செய்யும். கையறுப்பில் தரையில் விழுந்தது கதிர். வயசான அம்மாக்கள் பொறுக்கி மடியில் கட்டிப் போவார்கள். மிஷின் போடுவது தனி மணி; அதைப் பொறுக்க எந்தக் கையாலும் முடியாது. ஏழைக்குப் போன பங்கு இப்போது எலிக்கும் குருவிக்கும் போகிறது. எந்த இயந்திரக் கணக்கிலும் இது வருவதில்லை.

வாத்து மேய்ப்பவர் கிடைத்தால் விட்டுவிடுங்க. நெல்லோடு நத்தையையும் பூச்சியையும் தின்று, எச்சத்தை வயலுக்கே தரும். நெல் தரிசில் உளுந்து, பயறு விதைத்திருந்தால் மட்டும் வேண்டாம்.

விதைக்கு நெல் எடுப்பவர்கள் அடுத்த போகத்தையும் யோசிக்கணும். குறுவையில் உதிர்ந்தது தாளடியில் முளைத்து ரகத்தைக் கலந்துவிடும். நேரம் இருந்தால் தண்ணீர் விட்டு, முளைக்க வைத்து, பத்துப் பதினைந்து நாளில் மடக்கி உழுதுவிடலாம். எல்லா மணியும் ஒரே சமயத்தில் முளைக்காது, சிலது உறங்கிக் கிடக்கும். அதனால் விதை வயலில் வரிசை நடவு நல்லது. வரிசைக்கு வெளியே நிற்பது எதுவானாலும் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்க.