முதல் கைத்துப்பாக்கி: விலை கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அண்ணே, போட்டியில சுடறதுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கினா நல்லது?"

தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்வி இது. கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து வந்த ஆசை. மூன்று நான்கு துப்பாக்கிகளின் பெயர் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் எந்தச் சுடும் கழகத்திலும் உறுப்பினர் இல்லை. உரிமம் யார் தருவார் என்றும் தெரியாது. ஆசையில் தவறில்லை, ஆனால் தொடங்கிய இடம்தான் தவறு. அவரைப்போல் ஆர்வம் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அந்தக் கேள்விக்கு இங்கே விரிவாகப் பதில் சொல்வோம்.

இது என்ன விளையாட்டு?

ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது, ஒரே இடத்தில் அசையாமல் நின்று குறிபார்த்துச் சுடுவது. 'பிராக்டிகல் ஷூட்டிங்' வேறு மாதிரி. மணி ஒலித்ததும் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, தடுப்புகளுக்கு இடையே நகர்ந்து, காகிதக் குறிகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். இதை நடத்தும் உலக அமைப்பு ஐபிஎஸ்சி. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தொடங்கப்பட்டது. துல்லியம், வலிமை, வேகம் என்ற மூன்றும்தான் அதன் தாரக மந்திரம். நம் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. கைத்துப்பாக்கி உலகப் போட்டி 1999-இல் பிலிப்பைன்ஸின் செபுவிலும், 2008-இல் பாலியிலும், 2022-இல் தாய்லாந்தின் பட்டாயாவிலும் நடந்திருக்கிறது.

பெற்ற புள்ளியை எடுத்த நேரத்தால் வகுத்தால் வருவதுதான் மதிப்பெண். 12 தோட்டாவும் நடுப்பகுதியில் பட்டால் 60 புள்ளி. அதற்கு 10 வினாடி ஆனால் மதிப்பெண் 6. இன்னொருவர் 8 வினாடியில் முடித்து, நான்கு தோட்டாவைச் சற்று விலகி அடித்து 52 புள்ளி எடுக்கிறார் என்றால் அவருக்கு 6.5. அவர் முந்திவிட்டார். ஆனால் அதே 8 வினாடியில் பதினொன்றை நடுவில் அடித்து, ஒன்றை முழுதாகத் தவறவிட்டால் 10 புள்ளி கழியும். மிஞ்சுவது 45 புள்ளி, மதிப்பெண் 5.6-தான். அவசரத்தில் தவறவிடும் ஒரே ஒரு தோட்டா ஆட்டத்தையே மாற்றிவிடும். முதல் துப்பாக்கியைத் தேர்வு செய்யும்போது இந்தக் கணக்கை மறக்கக்கூடாது.

சட்டம் முதலில்

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. "கூட்டாளியோடதுதான், ரெண்டு நாளைக்கு வச்சிருந்தேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சில நாடுகளில் 'ஏர்சாஃப்ட்' துப்பாக்கியை வைத்து வீட்டிலேயே பழகுவார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, அசல் போலவே இருக்கும் 'ஏர்சாஃப்ட்', 'ஜெல் பிளாஸ்டர்' போன்றவற்றை நம் பிள்ளைகள் இணையத்தில் வாங்கப் பார்க்கிறார்கள். இங்கே அவை போலி ஆயுதமாகக் கருதப்படும். பொட்டலம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்பதற்காக அது சட்டப்படி சரியான பொருள் ஆகிவிடாது. விளையாட்டுப் பொருள் என்று நினைத்து வாங்கியதற்காகப் போலீஸ் நிலையம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் படி கடை அல்ல, கழகம். அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்றுநர் மேற்பார்வையில், கழகத்தின் துப்பாக்கியைக் கொண்டே பழகத் தொடங்க வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முறையையும் அங்குள்ள மூத்த உறுப்பினர்களே சொல்லித் தருவார்கள்.

எந்தப் பிரிவு?

ஓட்டப் போட்டியில் 100 மீட்டர், 400 மீட்டர் என்று இருப்பதுபோல் இதிலும் துப்பாக்கியின் வகைக்கு ஏற்பப் பிரிவுகள் உண்டு. 'ஓப்பன்' பிரிவில் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, உதைப்பைக் குறைக்கும் கருவி எல்லாம் பொருத்தலாம். பணம் தண்ணீராய் ஓடும். 'ஸ்டாண்டர்ட்' பிரிவில் அவை இல்லை என்றாலும் மாற்றங்களுக்கு நிறைய இடம் உண்டு. 'கிளாசிக்' பிரிவு பழைய 1911 வடிவத் துப்பாக்கிகளுக்கானது. சுழல் துப்பாக்கிக்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

புதியவருக்குப் பொருத்தமானது 'புரொடக்‌ஷன்' பிரிவு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள துப்பாக்கி, சொற்ப மாற்றங்கள், மெகசினுக்கு 15 தோட்டா. இதில் எல்லாருக்கும் ஒரே புள்ளிக் கணக்கு என்பதால், வலிமையான தோட்டா வைத்திருப்பவருக்குக் கூடுதல் புள்ளி கிடையாது. பணத்தைவிடப் பயிற்சிக்கே இங்கு மதிப்பு அதிகம்.

வாங்கப்போகும் துப்பாக்கி அந்தப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். நெடுங்காலமாக இப்பிரிவில் குழலின் நீளம் 127 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கிளாக் 17-இன் குழல் 114 மில்லிமீட்டர். அதன் நீளமான தம்பி கிளாக் 34-இன் குழல் 135 மில்லிமீட்டர். 'போட்டிக்கென்றே செய்தது' என்ற விளம்பரத்தை நம்பி நீளமானதை வாங்கியவர், போட்டி நாளில் வேறு பிரிவுக்குப் போக நேரிடும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் நடப்பு விதிநூலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தோட்டா?

9 மில்லிமீட்டர். இதில் இரண்டாவது யோசனை வேண்டாம். விலை குறைவு, உதைப்பும் குறைவு. போட்டியில் தோட்டாவின் வலிமையை அளப்பார்கள். தோட்டா முனையின் எடையை 'கிரேய்ன்' அளவிலும், வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரேய்ன் எடையுள்ளது 1,020 அடி வேகத்தில் போனால் 126.48 வரும், தேறிவிடும். 1,000 அடிதான் என்றால் 124. அன்று சுட்ட எதற்கும் மதிப்பெண் கிடையாது.

கைதான் முடிவு சொல்லும்

ஒருவர் கைக்குப் பொருந்துவது இன்னொருவர் கைக்குப் பொருந்தாது. பயிற்றுநர் முன்னிலையில், தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கையில் வாங்கி, இவற்றைப் பாருங்கள்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை, பிடியின் மேல்பகுதியில் நன்றாக உட்கார வேண்டும். சுட்டுவிரலின் முதல் கணு, கையைத் திருப்பாமலே விசையைத் தொட வேண்டும். குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மெகசினைக் கழற்றும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பொத்தானை மறுபக்கம் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். சிறிய கை உள்ள பெண்களும் இளைஞர்களும் பெரிய பிடியுள்ள துப்பாக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிடியின் தகட்டை மாற்றக்கூடிய வகைகள் இருக்கின்றன.

அடுத்தது எடை. செக் நாட்டின் சிஇசட் ஷேடோ 2 முழுக்க எஃகு, ஏறக்குறைய 1.3 கிலோ. கிளாக் 17 அதில் பாதியளவுதான். கனமானது சுடும்போது குறைவாகத் துள்ளும், இலேசானது கையைச் சீக்கிரம் சோர வைக்காது. விசையிலும் வேறுபாடு உண்டு. ஷேடோ 2 போன்றவற்றில் முதல் சூட்டுக்கு விசை நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்தவை இலேசு. கிளாக் வகையில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே மாதிரி. எது மேல் என்று வாதிடுவதைவிட, இரண்டிலும் ஐம்பது ஐம்பது தோட்டா சுட்டுப் பார்ப்பது நல்லது.

செலவுக் கணக்கு

துப்பாக்கியின் விலை தொடக்கம்தான். உறுதியான இடைவார், உறை, மெகசின் பைகள், மூன்று நான்கு மெகசின்கள், கண்ணாடி, காதுக் கவசம் எல்லாம் வேண்டும். நீளமான ஒரு சுற்றுக்கே 32 தோட்டா வரை போகும். பயிற்சி நாளில் நூறு, நூற்றைம்பது போவது சாதாரணம். விலை உயர்ந்த துப்பாக்கியை வாங்கிவிட்டுத் தோட்டாவுக்குக் காசில்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட, நடுத்தரமானதை வாங்கி மாதந்தோறும் பழகுவது மேல். உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் இங்கே கிடைக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

ஒரே தவறு போதும்

இந்த விளையாட்டில் பாதுகாப்புக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. குழல் வாய் அனுமதிக்கப்பட்ட திசையைத் தாண்டித் திரும்பினாலோ, துப்பாக்கி கை நழுவி விழுந்தாலோ, நகரும்போது விரல் விசைக்குள் இருந்தாலோ, அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உலக வெற்றியாளருக்கும் அதே விதி.

அந்த இளைஞருக்குச் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, முதல்ல கழகத்தில சேரு. பாதுகாப்புப் பயிற்சியை முடி. ஆறு மாசம் அவங்க துப்பாக்கியில பழகு. அதுக்கப்புறமும் ஆசை குறையலன்னா உரிமத்துக்கு விண்ணப்பம் போடு. அது கைக்கு வந்த பிறகு, உன் கைக்குப் பொருந்தற 9 மில்லிமீட்டர் ஒண்ணை வாங்கு."

கொஞ்சம் முகம் வாடியது. ஆனால் போகும்போது அவர் கேட்டது துப்பாக்கியின் விலையை அல்ல, பக்கத்தில் உள்ள கழகத்தின் முகவரியை.