போரெதிர்ப்புக் கவிதையில் அதிகாரியும் சிப்பாயும்

போரெதிர்ப்புக் கவிதைகளைப் பற்றிப் பேசும்போது இரக்கம், சினம், துயரம் என்று உணர்ச்சிகளைப் பட்டியலிட்டு முடித்துவிடுகிறோம். அவ்வுணர்ச்சி எந்தப் படிநிலையில் நின்றவருடையது என்று கேட்பதில்லை. முதல் உலகப் போரின் மூன்று ஆங்கிலக் கவிஞர்களை அருகருகே வைத்துப் படித்தால் இக்கேள்வியின் தேவை விளங்கும்.

வில்பிரட் ஓவன் படை அதிகாரி. நாட்டுக்காகச் சாவதைப் புகழும் ஹொரேஸின் இலத்தீன் வரியைத் தலைப்பாக்கி, அதையே பொய்யென்று அறிவிக்கும் கவிதையை அவர் 1917இல் எழுதத் தொடங்கினார். நச்சுவாயுவில் மூச்சுத் திணறிச் சாகும் ஒரு சிப்பாயை அது காட்டுகிறது. 1918 அக்டோபரில் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், வீரர்களை வழிநடத்தவும், அவர்கள் படும் பாட்டைக் கண்டு வழக்குரைஞரைப் போல அவர்களுக்காகப் பேசவுமே களத்துக்கு வந்ததாக ஓவன் குறிப்பிட்டார். நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். அடுத்த வாரமே போர் நின்றது.

வழக்குரைஞர் என்ற அந்த உவமையை நாம் எளிதில் கடந்துவிட இயலாது. நம் தொழிலும் அதுவே. பிறருக்காக வாதாடுபவரின் இரக்கம் மெய்யானதுதான். எனினும் அக்கவிதையில் சாகும் சிப்பாய்க்குப் பெயரில்லை, பேச்சுமில்லை. முகமூடியின் கண்ணாடி வழியாக அவரைப் பார்ப்பவரே பேசுகிறார்.

சீக்பிரிட் சசூன் சினத்தின் கவிஞர். போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்ற அவருடைய அறிக்கை 1917 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே படிக்கப்பட்டது. படை நீதிமன்ற விசாரணையை எதிர்பார்த்தே அவர் அதை எழுதினார். அத்துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதிகாரியான அவரை எடின்பரோவில் இருந்த மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதே போரில் களத்தைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ அனைவரும் அதிகாரி அல்லாதோர். அவர்களில் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. அம்மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது!

ஐசக் ரோசன்பர்க் சாதாரணச் சிப்பாய். புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்தில் 1890இல் பிறந்து, கிழக்கு இலண்டனின் வறுமையில் வளர்ந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, செதுக்குவேலை கற்கச் சென்றார். 1915இல் படையில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்று காரணமன்று. வேலை இல்லை, சேர்ந்தால் தாயாருக்கு உதவித்தொகை கிடைக்கும். அங்கும் யூதர் என்பதற்காக இழிவுபடுத்தப்பட்டார்.

1916 டிசம்பரில் சிகாகோவின் ‘பொயட்ரி’ இதழில் வெளிவந்த அவருடைய கவிதையில், விடியற்பொழுதில் பதுங்குகுழிச் சுவரில் பூத்த பாப்பிப் பூவைப் பறிக்கும் சிப்பாயின் கைமீது ஓர் எலி தாவி ஓடுகிறது. ஆங்கிலேயன் கையைத் தொட்ட அது, ஜெர்மானியன் கையையும் தொடப்போகிறது. எல்லை கடந்த இந்த நட்பு தெரிந்தால் எலியையும் சுட்டுவிடுவார்கள் என்று அவர் எள்ளுகிறார். இங்கே இரக்கத்துக்கு இடமில்லை. இரங்கத்தக்கவரே பேசுகிறார், அதுவும் சிரித்தபடி. கட்டுடல் கொண்ட வீரர்களைவிட அந்த எலிக்கு உயிர்வாழும் வாய்ப்பு அதிகம் என்பதை அவர் கணக்கிட்டுவிட்டார். மனிதர் வகுத்த எல்லையை ஒரு தொடுகை பொருளற்றதாக்குவதை, தொடுகை குற்றமாக்கப்பட்ட சமூகத்தில் வாழும் நாம் விளக்கமின்றியே உணர்கிறோம்.

ரோசன்பர்க் 1918 ஏப்ரல் 1 அன்று அராஸ் நகருக்கு அருகே கொல்லப்பட்டார். அப்போதும் அவர் சாதாரணச் சிப்பாய்தான்.