கழற்றிய வன்தட்டும் இணைக்கும் அடாப்டரும்

கணினி ஒன்று இயங்காமல் நின்றுவிட்டால், அதிலிருந்த படங்களும் கணக்குகளும் ஆவணங்களும் கூடவே போய்விட்டன என்று கருதுவோர் பலர். ஆனால் பழுது மதர்போர்டிலோ திரையிலோ மின்வழங்கியிலோ இருக்குமாயின், கோப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் வன்தட்டுக்கு, அதாவது வழக்கில் ஹார்டு டிஸ்க் எனப்படும் பகுதிக்கு, எந்தச் சேதமும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. அதைக் கழற்றி, ஓர் அடாப்டரின் வழியாக வேறொரு கணினியின் யுஎஸ்பி துளையில் செருகினால், கோப்புகளைப் படித்து நகலெடுத்துவிடலாம். வன்தட்டின் வகை, அது கேட்கும் மின்சாரம், இணைத்தபின் திரையில் தோன்றும் கேள்விகள் ஆகிய மூன்றையும் அறிந்தவர் இவ்வேலையைத் தாமே செய்துகொள்ள முடியும். முதல் இரண்டில் தவறினால் வன்தட்டு கணினிக்குத் தெரியாமல் போகும், அவ்வளவே. மூன்றாவதில் காட்டும் அவசரமோ நல்ல நிலையிலுள்ள தரவுகளையும் இழக்கச் செய்துவிடும்.

அடாப்டர் செய்யும் பணி இரண்டு. உள்ளே பொருத்தப்படும் வன்தட்டு தனக்குரிய கட்டளைமுறையில்தான் இயங்கும்; யுஎஸ்பி துளைக்கு அந்த முறை தெரியாது. ஆகவே அடாப்டருக்குள் இருக்கும் சிறிய பாலச்சில்லு, இரு தரப்புக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளரைப் போல, ஒரு பக்கத்துக் கட்டளையை மறுபக்கத்துக்குப் புரியும் வடிவில் மாற்றித் தருகிறது. வன்தட்டுக்குத் தேவையான மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பது இரண்டாவது பணி.

வகையை அறிய வன்தட்டின் இணைப்பு முனையைப் பார்த்தாலே போதும். இரண்டு வரிசைகளாக 40 ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ எனப்படும் பழைய வகை. மடிக்கணினிக்கான சிறிய ஐடிஇ தட்டில் மின்சார ஊசிகளும் சேர்ந்து 44 இருக்கும். 2003இல் அறிமுகமான சாட்டா வகையில் ஊசிகளே இல்லை. அதற்குப் பதிலாக, ஆங்கில ‘எல்’ எழுத்தைப் போல ஓரம் மடங்கிய இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். குட்டையான நாக்கிலுள்ள 7 தொடுமுனைகள் தரவுக்கும், நீளமானதிலுள்ள 15 தொடுமுனைகள் மின்சாரத்துக்கும் உரியவை. ஓரத்து மடிப்பினால் தலைகீழாகச் செருக இயலாது. கடையில் ‘சாட்டா டு யுஎஸ்பி’ என்று கேட்டு வாங்கப்படுவது இவ்வகைக்கான அடாப்டரே.

அண்மைக்கால மடிக்கணினிகளில் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி எனப்படும், அசையும் பாகமே இல்லாத சேமிப்பகம் பொருத்தப்படுகிறது. அதன் எம்.2 வடிவம் 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட மெல்லிய அட்டை. உருவம் ஒன்றாயினும் இதில் சாட்டா, என்விஎம்இ என இரு கட்டளைமுறைகள் உண்டு. ஒன்றுக்கான அடாப்டர் மற்றொன்றைப் படிக்காது. இரண்டையும் ஏற்கும் அடாப்டர்களும் கிடைக்கின்றன என்றாலும், அட்டையின் மேலுள்ள ஒட்டுத்தாளைப் படித்து, அது எந்த வகை என்று உறுதிசெய்துகொண்டு வாங்குவதே நல்லது.

அடுத்தது மின்சாரம். மடிக்கணினியின் 2.5 அங்குல வன்தட்டு 5 வோல்ட்டில் இயங்குவதால், யுஎஸ்பி துளை தரும் மின்சாரமே அதற்குப் பெரும்பாலும் போதுமானது. எனினும் யுஎஸ்பி 2.0 துளை தருவதாக வரையறுக்கப்பட்டது 500 மில்லியாம்பியர், 3.0 துளை தருவது 900 மில்லியாம்பியர் என்பதால், பழைய துளையில் செருகும்போது சில தட்டுகள் சுழல முயன்று நின்றுபோகும். மேசைக்கணினியின் 3.5 அங்குல வன்தட்டின் மோட்டாருக்கோ 12 வோல்ட் வேண்டும். சாதாரண யுஎஸ்பி துளை அதைத் தராது. இரு அளவுகளுக்கும் சாட்டா முனை ஒன்றே என்பதால், சிறிய தட்டுக்கான கேபிள் பெரிய தட்டிலும் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் தட்டு அசையாது. தட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், சுவர் இணைப்பிலிருந்து 12 வோல்ட் தரும் தனி மின்வழங்கியுடன் கூடிய அடாப்டரில் சோதிப்பது அவசியம்.

இணைக்கும்போது வன்தட்டை அதிராத சமதளத்தில், அடிப்புறச் சுற்றுப்பலகை உலோகத்தில் படாதவாறு வைத்து, முதலில் அடாப்டரையும், பின்னர் மின்சாரத்தையும், இறுதியில் யுஎஸ்பியையும் செருகுவது நல்ல வரிசை. உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, படிக்கும் முனை அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்திலேயே மிதப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் தட்டை எடுத்து நகர்த்துவது பெருந்தவறு. சீரான இரைச்சலுக்குப் பதிலாக ‘டக், டக்’ என்று விட்டுவிட்டு ஒலி எழுந்தால், முனையே பழுதாகியிருக்கக்கூடும். அப்போது இணைப்பைத் துண்டித்து, தரவு மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே வழி.

தட்டு ஒழுங்காகச் சுழன்றபின்னும் விண்டோஸ் சிலவேளை ஒரு கேள்வி கேட்கும்: இந்தத் தட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா? வேறு சமயங்களில் தட்டை ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும். இரண்டுக்கும் ‘கேன்சல்’ என்பதே விடை. ஏனெனில் முன்னது கோப்புகளின் முகவரிப் பட்டியலையும், பின்னது தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணையையும் புதிதாக எழுதிவிடும். கேள்வி எழுவதற்குத் தட்டு பழுதாகியிருக்க வேண்டுமென்பதில்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4, மேக்கின் ஏபிஎஃப்எஸ் ஆகிய கோப்பு முறைகளை விண்டோஸ் இயல்பாகப் படிக்காது; சில அடாப்டர்கள் தட்டின் சேமிப்பு அலகுகளை 512 பைட்டுக்குப் பதில் 4096 பைட்டாகக் கணக்குக் காட்டுவதாலும் பிரிவுகள் தெரியாமல் போகும். வேறு அடாப்டரிலோ வேறு இயங்குதளத்திலோ சோதித்துப் பார்த்தபின்பே மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டும். பழைய பயனரின் கோப்புறையைத் திறக்க அனுமதியில்லை என்ற அறிவிப்பு வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் ‘கன்டினியூ’ கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

நகலெடுக்கும் வேகம் துளையைப் பொறுத்தது. 500 ஜிபி தரவு, யுஎஸ்பி 2.0 வழியே நொடிக்கு 35 எம்பி வீதம் சென்றால் ஏறத்தாழ 4 மணி நேரம் பிடிக்கும், 3.0 வழியே 100 எம்பி வீதம் சென்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். நகலெடுத்த கோப்புகளைத் திறந்து சரிபார்க்கும்வரை பழைய தட்டில் எதையும் எழுதாமலும் அழிக்காமலும் வைத்திருத்தல் வேண்டும்.

அடாப்டர் பயன்படாத இடங்களும் உண்டு, அவை பெருகியும் வருகின்றன. விண்டோஸின் பிட்லாக்கரால் மறைகுறியாக்கப்பட்ட தட்டு, 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் வேறு கணினியில் திறக்காது. அந்தச் சாவி பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். 2018 முதல் வந்த மேக்புக் ப்ரோ கணினிகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, அங்குள்ள சில்லு ஒன்றுடன் மறைகுறியாக்கத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால், கழற்றுவதற்கு ஏதுமில்லை. கணினி நின்றபின் தரவை மீட்கும் வாய்ப்பு இவ்வாறு குறுகிவருவதால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுத்து வைப்பதும், மீட்புச் சாவியைக் குறித்து வைப்பதும் இன்றைய கணினியை வாங்குவோர் முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலைகளாகின்றன.