ஆற்றுக்கு மேலே ஒரு வாய்க்கால்

பாலத்துக்கு மேலே வண்டி போகும், கீழே தண்ணி போகும். நமக்குத் தெரிந்த பாலம் இதுதான். உத்தராகண்ட் மாநிலம் ரூர்க்கியில் உள்ள சோலானிப் பாலத்தில் மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். கீழே சோலானி ஆறு ஓடுகிறது. அதன் தலைக்கு மேலே கங்கைக் கால்வாய் போகிறது.

1837-38 பஞ்சம் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட சீமையை உலுக்கிவிட்டது. அதன் பிறகுதான் ஹரித்வாரில் கங்கையிலிருந்து கால்வாய் வெட்டும் யோசனை வலுப்பெற்றது. பொறுப்பு எடுத்தவர் புரோபி காட்லி என்ற ஆங்கிலேய அதிகாரி. 1842இல் வேலை தொடங்கி, 1854 ஏப்ரலில் தண்ணீர் திறந்தார்கள். நொடிக்கு 6,750 கன அடி போகும்படி போட்ட திட்டம்.

கஷ்டமெல்லாம் ஹரித்வாருக்கும் ரூர்க்கிக்கும் நடுவில்தான். சிவாலிக் மலையிலிருந்து இறங்கும் காட்டாறுகள் குறுக்கே வரும். கோடையில் வெறும் மணல், மழைக்காலத்தில் பேய் வெள்ளம். ராணிப்பூர், பத்ரி காட்டாறுகளைக் கால்வாய்க்கு மேலே பாலம் கட்டித் தாண்டவிட்டார்கள். தனௌரியில் காட்டாறும் கால்வாயும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன. அங்கே வெள்ளம் வெளியேற மதகு வைத்தார்கள். சோலானியில் கால்வாயையே மேலே தூக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றும் 50 அடி அகலத்தில் 15 வளைவுகள். செங்கல், சுண்ணாம்பு, சுர்க்கிதான் கட்டுமானம். கரைக்கு மண் இழுக்க 1851இல் நீராவி ரயில் எஞ்சினே ஓடியிருக்கிறது. காவலுக்கு நிற்பதுபோல் சிங்கச் சிலைகளையும் வைத்திருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் காட்டாற்றையும் அவர்கள் மறிக்கவில்லை; ஒவ்வொன்றுக்கும் வழி விட்டார்கள்.

ஆனால் கீழே சமவெளியில் இந்தக் கவனம் இல்லாமல் போனது. அங்கே இருந்தவை சின்னச் சின்ன ஓடைகள், லேசான பள்ளங்கள். கிளை வாய்க்கால்களும் சாலைகளும் அவற்றைக் குறுக்கே மறித்தன. தண்ணீர் தேங்கி, நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறியது. சுமார் ஆறடிக்குள் வந்துவிட்டால் வெயில் அந்த ஈரத்தை மேலே இழுக்கும். ஈரம் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். வெள்ளையாகப் பூத்த அந்த உப்பை அங்கத்திய விவசாயிகள் 'ரெஹ்' என்பார்கள். நம்ம ஊர் களர், உவர் மாதிரிதான். தண்ணீர் கொடுத்த கால்வாயே சில இடங்களில் நிலத்தைக் கெடுத்தது. பிறகு தனியாகச் செலவு செய்து வடிகால் வெட்ட வேண்டியதாயிற்று.

வங்கியில் இருந்த காலத்தில் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் கடன் கேட்டு வந்த விண்ணப்பங்களை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். வடிகால் வெட்டக் கடன் கேட்டு வந்தவர் அபூர்வம். இயற்கை விவசாயத்திலும் பண்ணைக்குட்டை, வரப்பு என்று தண்ணீரை நிறுத்துவதைத்தான் அதிகம் பேசுகிறோம். வடிய விடுவதும் அதே அளவு முக்கியமுங்க. வேர் மூச்சுவிடாத மண்ணில் மண்புழுவும் தங்காது, ஜீவாமிர்தமும் வேலை செய்யாது.

அடுத்த பெருமழையில் குடையோடு வயலைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே போகப் பார்க்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். வண்டிப்பாதை போட்டால், நமக்கு வசதியான இடத்தில் குழாய் பதிக்காமல் உள்ளதிலேயே தாழ்வான இடத்தில் பதியுங்கள். பக்கத்துக் காட்டுத் தண்ணீர் வரும் வழியை அடைக்காதீர்கள். களர் நிலத்துக்குத் தக்கைப்பூண்டு நல்ல மருந்துதான். ஆனால் முதலில் வடிகாலை வெட்டிவிட்டு அப்புறம் விதையுங்கள்.