எடைக்குப் போகும் கடற்படங்கள்

அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் கடலோசை கேளாத ஊர்கள். ஆயினும், அங்குள்ள பழைய காகிதக் கடைகளில் கடற்படச் சுருள்கள் எடைக்கு வந்து விழுமானால் நாம் வியப்படைய வேண்டுவதில்லை. கப்பல் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர் காலஞ்சென்றபின், அவர் பெட்டியைத் திறப்போருக்கு அதிலுள்ளது விளங்குவதில்லை. அன்றியும், 2012 முதல் 2018 வரை படிப்படியாக அமலுக்கு வந்த சர்வதேச விதியின்படி பெருங்கப்பல்கள் மின்னணுக் கடற்படக் கருவி வைத்துக்கொள்ள நேர்ந்தது. காகிதப் படங்களுக்கு மவுசு போயிற்று.

மவுசு போயிற்றேயன்றி, அவை ஊமையாகிவிடவில்லை. வக்கீல் தொழிலில் மூலப்பத்திரமும் வில்லங்கமும் புரட்டிய நமக்கு, கடற்படமும் ஒருவகைப் பத்திரமாகவே தோன்றுகிறது. தலைப்பின் கீழே எந்த அதிகாரி எவ்வருஷம் அக்கடலை அளந்தார் என்பது அச்சாகியிருக்கும். திசைகாட்டி வட்டத்துள் காந்த ஊசியின் விலக்கமும் அதற்குரிய வருஷமும் காணலாம். பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் படமாயின், இடப்புறக் கீழோரத்தைப் பார்க்க வேண்டும். மாலுமிகளுக்கான அறிவிப்புகள் வரவர, வருஷமும் எண்ணும் அங்கே கையால் வரிசையாக எழுதப்படும். அவ்வரிசை எந்த வருஷத்தோடு நிற்கிறதோ, ஏறக்குறைய அன்றோடு அப்படத்தின் கடல் வாழ்வும் முடிந்தது. பின்புறத்தில் கப்பலின் முத்திரையோ விற்ற ஏஜெண்டின் சீட்டோ இருந்தால், உடையவரைத் தேடுவது பாதி முடிந்தமாதிரி. அழித்தும் அழியாத பென்சில் கோடுகள் மீதியைச் சொல்லும்.

பிறர் எறிந்த காகிதத்தின் அருமையை ஆங்கிலேயர் அறிந்திருந்தனர். 1753-ல் சென்னைக்குக் கம்பெனிக் குமாஸ்தாவாக வந்த அலெக்ஸாண்டர் டால்ரிம்பிள் என்னும் இளைஞர், 1762-ல் மணிலா பிடிபட்டபின் கைக்கு வந்த ஸ்பானியக் காகிதங்களைப் புரட்டினார். 1606-ல் தோரஸ் என்ற மாலுமி நியூகினிக்குத் தெற்கே ஒரு ஜலசந்தி வழியாகச் சென்ற செய்தி, ஏறத்தாழ நூற்றைம்பது வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது, அவர் கண்ணிற் பட்டது. அதற்குத் தோரஸ் பெயரை வழங்கியவரும் அவரே. 1770-ல் காப்டன் குக் அவ்வழியே சென்றார். அந்தக் குமாஸ்தாதான் 1795-ல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் கடற்பட அதிகாரியானார். கடலை ஆண்டவர்கள் பீரங்கியால் மட்டும் ஆளவில்லை.

நம்மவர் கதையை நினைக்க நெஞ்சு நோகிறது. 1906-ம் வருஷம் அக்டோபரில் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறுவருஷம் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. வேறொரு நாடாயின், அக்கப்பல்களில் விரித்த படம் ஒவ்வொன்றையும் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றியிருக்கும். நாமோ செக்கிழுத்த கதையை மேடைதோறும் முழங்குகிறோம். கப்பல் நடத்திய கணக்கையும் காகிதத்தையும் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே.

ஆதலால், வீட்டுப் பரணைக் காலி செய்யும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுருளொன்று அகப்பட்டால், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை அன்றே குறித்துக்கொள்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்தாரிடமோ, கப்பல் தொழிலறிந்த ஒருவரிடமோ காட்டுக. காகிதம் தடிப்பாயிருக்கிறதே என்று ஓரத்தை வெட்டிப் பிள்ளைகளின் புஸ்தகத்துக்கு அட்டை போட்டுவிட வேண்டாம். உடையவரின் கையெழுத்து அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.